நான் போடாத ஊசி

மக்களே,

புதன்கிழமை மத்தியானம் வாட்ஸ்அப்பில் நீ எனக்கு ஒரு செய்தி அனுப்பினாய். நாலு நிமிஷத்தில் அதை அழித்தும் விட்டாய். அதற்குள் நான் படித்துவிட்டேன். "சித்தி ஒரு காரியம் சொன்னா. அப்பாவுக்கு நீங்க ஊசி போட்டீங்களாம்மா?" அவ்வளவுதான் இருந்தது. சாயங்காலம் வழக்கம்போலக் கூப்பிட்டாய். மழை உண்டா, சுகர் பார்த்தீங்களா, நல்லமிளகுக் கொடி பிடித்ததா என்று கேட்டாய். நானும் வழக்கம்போலப் பதில் சொன்னேன். இப்படி ஒன்பது வருஷமாக ஒன்றுமே இல்லாததுபோலப் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். பேசினால் நடுவில் நீ அழுவாய், இல்லாவிட்டால் நான் அழுவேன். பிறகு நெட் சரியில்லை என்று சொல்லி ரெண்டு பேரும் வைத்துவிடுவோம்.

முதலில் பதில். போடவில்லை. உன் அப்பா தன் நோயில்தான் போனார், என் கையால் போகவில்லை. இதில் உனக்கு ஒரு சந்தேகமும் வேண்டாம். ஆனால் இத்தோடு நிறுத்தினால் நான் பாதிதான் சொன்னவளாவேன். அவர் ஊசி கேட்டார். நான் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். உன் சித்தி பார்த்தது அந்தப் பெட்டியைத்தான். அவள் பார்த்ததற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் ரெண்டே பேர். அதில் ஒருவர் இப்போது இல்லை. மற்றவளுக்கு அறுபத்தெட்டு வயசாகிறது.

என் வேலை உனக்குத் தெரியும். தெரியாததும் கொஞ்சம் உண்டு. நான் கால்நடை டாக்டராக இருந்த காலம் முழுவதும் நீ பார்த்தது தடுப்பூசி, கன்று எடுப்பது, கோழிக் கழிச்சலுக்கு மருந்து கொடுப்பது, இவைதான். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, நான் சோறு கேட்காமல் படுத்துக்கொண்ட நாட்களில் என்ன நடந்தது என்று நீ கேட்டதில்லை, நான் சொன்னதும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துச் சரிவில் ஒரு சினைமாடு உருண்டு விழுந்து இடுப்பு நொறுங்கிக் கிடந்தது. மாட்டுக்காரர் அதன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இனி எழும்பாது டாக்டரம்மா. கண்டு நிக்க முடியல. ஒரு நன்மை செய்யுங்க" என்றார். போட்டேன். அது தலையைச் சாய்த்ததும் அவர் தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அதன் முகத்தை மூடினார். அன்று வீட்டுக்கு வந்து சோறு கேட்காமல் படுத்துக்கொண்டேன். ஆனால் தப்புச் செய்தேன் என்று அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ போட்டிருக்கிறேன். போடாமல் திருப்பி அனுப்பியதும் உண்டு. தக்கலையிலிருந்து ஒருவர் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு ஒரு நாயைக் காரில் கொண்டுவந்தார். வயசான நாய், ஒரு கண் தெரியாது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. "ரொம்பக் கஷ்டப்படுது, போட்டிருங்க" என்றார். நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன். "என்னத்துக்கு இன்னைக்கு?" ஒரு வாரம் முன்னாலோ ஒரு வாரம் கழித்தோ வராமல் இன்றைக்கு ஏன் வந்தீர்கள் என்று அர்த்தம். அவர் பக்கத்திலிருந்த மனைவியைப் பார்த்தார். மகனோடு இருக்கப் போவதற்கு மறுநாள் காலையில் அவர்களுக்கு பிளைட் இருந்தது. கஷ்டம் நாய்க்கு இல்லை. நான் முடியாது என்றேன். அந்தக் கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, வேலை கற்றுக் கொடுத்தது. கேட்டால் பத்தில் ஏழு பேர் நோயைச் சொல்வார்கள். மூன்று பேர் வேறு எதையோ சொல்வார்கள்.

உன் அப்பாவின் நோய் எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில், ஓட்டப்பந்தயத்துக்கு விசில் ஊதப் போனவருக்கு விசில் விரலில் நிற்கவில்லை. டிரில் சார் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம். திருவனந்தபுரத்தில் காட்டி, மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்தபோது டாக்டர் நேராகவே சொன்னார்: தசைகள் ஒவ்வொன்றாகச் சோரும், புத்தி கடைசிவரை தெளிவாக இருக்கும், குணமாக்க மருந்து இல்லை. உனக்கு அப்போது கல்யாணம் நிச்சயித்திருந்தது. தள்ளி வைக்கலாம் என்று நீ சொன்னாய். "நான் நடக்கும்போதே நடத்துலே" என்றார். கல்யாணத்தன்று சர்ச் நடையிலிருந்து ஆல்டர் பீடம் வரைக்கும் கம்பு ஊன்றி நடந்தார். அன்று அவர் நடந்ததை எல்லாரும் பாராட்டினார்கள். மறுநாள் முழுவதும் அவரால் எழும்ப முடியவில்லை என்பதை நீ ஷீபாவோடு மறுவீட்டு விருந்துக்குப் போனதால் பார்க்கவில்லை. நாங்கள் சொல்லவும் இல்லை. நம் வீட்டில் இந்தப் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

நீ தோஹாவுக்கு வேலைக்குத் திரும்பிய ரெண்டு வருஷத்தில் கை போனது, கால் போனது, வயிற்றில் குழாய் வைத்துக் கஞ்சி கொடுக்க வேண்டியதாயிற்று. கடைசியாகப் பேச்சு போனது. பழைய காலண்டரைத் திருப்பி, மார்க்கர் பேனாவால் எழுத்துகளை வரிசையாக எழுதினேன். மேலே உயிரெழுத்து, கீழே மெய்யெழுத்து. நான் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவேன். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை மூடித் திறப்பார். ஒரு சொல்லுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். மைதானத்தின் அந்தப் பக்கம் நிற்கிறவனை இந்தப் பக்கத்திலிருந்தே விரட்டின மனுஷன், அதன்பிறகு தேவையில்லாமல் ஒரு சொல் சொன்னதில்லை. 'வெ' என்றால் வாய் நனைக்க வெள்ளம் வேண்டும். 'பு' என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நீ வீடியோவில் கூப்பிட்டால் சிரிப்பார். அவர் முகத்தில் அப்போது சிரிக்கக் கூடியது கண் மட்டும்தான்.

அப்படி ஒரு மத்தியானம், கஞ்சி கொடுத்துக் குழாயைக் கழுவிவிட்டு வந்தேன். காலண்டரைப் பார்த்தார். எடுத்தேன். 'உன் ஊசி' என்று வந்தது. அவருக்கு ஏதோ ஊசி போடச் சொல்கிறார் என்று நினைத்து, "டாக்டர் ஊசி ஒண்ணும் எழுதலியே" என்றேன். இல்லை என்பதற்குக் கண்ணை இடம் வலமாக அசைத்தார். திரும்பவும் விரலை ஓட்டினேன். 'மாடு.' எனக்கு உடனே புரிந்தது. புரியாதவள்போல நின்றேன். பிறகு கோபம் வந்தது. காலண்டரைக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டு அடுக்களைக்குப் போய், கழுவி வைத்திருந்த மீன்சட்டியைத் திரும்பவும் தேய்த்தேன். பேச முடியாத மனுஷனின் வாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனேன் என்பது தேய்த்து முடிக்கும்போதுதான் தெரிந்தது. போய் எடுத்து வைத்தேன். அடுத்த நாள் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். கெஞ்சவில்லை. மருந்துக்கடையில் மாத்திரை கேட்பதுபோலக் கேட்டார்.

நாலாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். உன் சித்தி எங்களோடு தங்கியிருந்தாள், சாமான் வாங்கத் தக்கலைக்குப் போயிருந்தாள். நான் அலமாரியைத் திறந்து என் பச்சைப் பெட்டியை எடுத்தேன். ஓய்வு பெறும்போது திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய ஒரு மருந்துக் குப்பி அதில் கிடந்தது. அதை வீட்டில் வைத்திருந்ததே என் தப்பு. அப்படி ஒரு பொருள் இருக்கிற வீட்டில் யோசனையும் அதைச் சுற்றியே நடக்கும். பெட்டியைக் கட்டிலில் வைத்துத் திறந்தேன். அவர் கையை என் மடியில் எடுத்து வைத்து நரம்பைத் தேடினேன். எப்படிப்பட்ட கை தெரியுமா உன் அப்பாவுக்கு! அன்று அது உரித்த மரச்சீனிக் கிழங்குபோல வெளுத்து மெலிந்து இருந்தது. மருந்தை ஊசியில் ஏற்றவில்லை. ஏற்றும் எண்ணத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். இதை நான் மறைக்க மாட்டேன்.

முப்பது வருஷப் பழக்கம், வாய் தானாகக் கேட்டது. "என்னத்துக்கு இன்னைக்கு?"

அவர் காலண்டரைப் பார்த்தார். விரலை ஓட்டினேன். 'போன்' என்றார். பிறகு 'நீ.' பிறகு 'முடியாது.'

அஞ்சு நாள் முன்னால், சித்தி இங்கே வந்து சேர்வதற்கு முந்தின நாள், நான் அவளிடம் போனில் பேசியிருந்தேன். பின்வாசலில் நின்றுதான் பேசினேன். "எனக்கு இனி முடியாதுட்டி. இவரு இப்பிடியே இன்னும் எத்தன நாளு கெடப்பாரோ" என்று சொன்னேன். அவருடைய ஜன்னல் அந்தப் பக்கம். நோய் அவரிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது, காதை மட்டும் விட்டு வைத்திருந்தது.

மக்களே, அவர் எனக்காகத்தான் கேட்டிருந்தார். மூன்று நாளாக நான் அவருடைய வேதனையை எண்ணிக் கோபப்பட்டேன், அழுதேன், ஜெபம் பண்ணினேன். பெட்டியை எடுத்தேன். இதெல்லாம் என் இடுப்பொடிந்த அலுப்பிலிருந்து தொடங்கியது. ஒரு கேள்வி கேட்காமல் இருந்திருந்தால், என் அலுப்புக்காக உன் அப்பாவைக் கொன்றிருப்பேன். அதை இரக்கம் என்று சாகும்வரை நம்பியும் இருப்பேன். யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அவரே கேட்டாரே!

"அது அலுப்புல சொன்னது" என்றேன்.

'அலுப்பு நிஜம்' என்று கண்ணால் எழுதினார்.

அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. "நிஜந்தான். எனக்கு நடு ஒடியுது. ஆனா நீங்க போகணும்னு எனக்கு இல்ல. எனக்கு ஒறங்கணும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது" என்றேன். அவர் கண் சிரித்தது. 'அப்போ ஒறங்கு' என்று வந்தது. அந்தக் கட்டிலை ஒட்டித் தரையில் பாயைக்கூட விரிக்காமல் படுத்தேன். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அப்படி ஒரு உறக்கம். உன் சித்தி வந்து பார்க்கும்போது பெட்டி கட்டிலில் திறந்து கிடந்தது. நான் தரையில் கிடந்தேன். அவரும் கண்ணை மூடியிருந்தார். ரெண்டு பேரும் போய்விட்டோம் என்று நினைத்து அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுச் செல்லத்துரை அண்ணன் மதில் ஏறிக் குதித்து வந்தார். அன்று நான் அவளிடம் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்றைக்கு இல்லாவிட்டாலும் பிறகு என்றைக்கோ போட்டிருப்பாள் என்று அவள் மனசில் கிடந்திருக்கிறது. அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நான் சொல்லாமல் விட்ட இடத்தை அவள் தனக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பிக்கொண்டாள்.

மறுநாளே அந்தக் குப்பியைக் கால்நடை ஆஸ்பத்திரியில் கொண்டு ஒப்படைத்தேன். எனக்குப் பின்னால் அந்த வேலைக்கு வந்த பெண் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். அங்கிருந்து நேராக, வீடு தேடி வந்து நோயாளிகளைப் பார்க்கிற பாலியேட்டிவ் ஆட்களிடம் போனேன். அவர்களைப் பற்றி டாக்டர் ஆறு மாதம் முன்பே சொல்லியிருந்தார். சாகப் போகிறவர்களுக்குத்தான் அவர்கள் வருவார்கள், அவர்கள் ஜீப் வாசலில் நின்றால் ஊர் என்ன நினைக்கும் என்று நான் கூப்பிடாமல் இருந்துவிட்டேன். படித்தவள், டாக்டர், நானே அப்படி இருந்தேன்.

ஸ்டெல்லா சிஸ்டர் வந்தது அப்படித்தான். குள்ளமான பெண், சத்தமாகப் பேசுவாள். முதல் நாள் அவள் நாடி பார்க்கவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காலண்டரைக் கையில் எடுத்தாள். "சார், ஒங்களுக்கு எதுல பயம்? நேரா சொல்லுங்க, எனக்கு நேரம் கெடக்கு" என்றாள். கட்டிய கணவனிடம் நான் அதைக் கேட்டதே இல்லை. 'மூச்சு முட்டி' என்று எழுதினார். அவள் தலையாட்டினாள். "அதுக்கு மருந்து உண்டு சார். சொட்டுச் சொட்டா குழாய்ல விட்டா மூச்சு வாங்குற அந்தப் பதற்றம் அடங்கும். நோய நான் நிறுத்த முடியாது. முட்டிச் சாவ விடமாட்டேன். கூப்பிட்டா வருவேன்" என்றாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். அவள் சொன்ன மருந்து மார்ஃபின், அது ஆளை முடிக்கிற மருந்து என்று ஊரில் நினைக்கிறார்கள். அளவாகக் கொடுத்தால் அது ஆளை முடிப்பதில்லை, மனுஷன் நிம்மதியாக மூச்சுவிட உதவுகிறது, நான் பார்த்தேன். செல்லத்துரை அண்ணன் நெற்றியில் நாமத்தோடு தினமும் காலையில் வந்து அவரைத் தூக்கி நாற்காலியில் வைப்பார். வாரத்தில் ரெண்டு நாள் சித்தி பார்ப்பாள், நான் உறங்குவேன். இவ்வளவுதான் செய்தோம். அதன்பிறகு அவர் ஏழு மாதம் இருந்தார். உன் மகள் பிறந்ததை வீடியோவில் பார்த்தார். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குச் சக்கர நாற்காலியில் போய், தப்பாக ஓடின ஒருவனைக் கண்ணாலேயே அதட்டினார்.

எல்லாம் நல்லபடியாக இருந்தது என்று உன்னிடம் கதை கட்ட மாட்டேன். அந்த ஏழு மாதத்தில் அவர் ரெண்டு தடவை திரும்பவும் ஊசி கேட்டார். ரெண்டு தடவையும் அதே கேள்வியைக் கேட்டேன். என் அலுப்பு காரணமில்லை, வலி இல்லை, பயமும் இல்லை. 'போதும்' என்று மட்டும் எழுதினார். ஒரு நல்ல வாழ்க்கை வாழ்ந்த மனுஷன், தெளிந்த புத்தியோடு, போதும் என்கிறார். நான் முடியாது என்றேன். என் கை வராது என்றேன். 'சரி' என்றார். முதல் தடவை மறுத்ததில் நான் செய்தது நியாயம் என்று யார் முன்னாலும் சொல்வேன். அந்த ரெண்டு தடவை மறுத்ததில் எவ்வளவு நியாயம், எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியாது. நம் போதகர் அதைத் தேவனுடைய சித்தம் என்றார். செல்லத்துரை அண்ணன், "உயிரு நம்ம கையில தந்ததும் இல்ல, நம்மள வச்சு எடுக்கச் சொன்னதும் இல்ல தங்கச்சி" என்றார். ரெண்டு பேர் சொன்னதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த நாற்காலியில் கை அசையாமல் இருந்தவர்கள் அவர்கள் இல்லை, நானும் இல்லை.

இந்தக் காரியத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டால் சொல்லிவிடுகிறேன். நோயாளியைச் சாகடிக்கிற ஊசியை நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். ஊசி கேட்கிறவர்கள் பாவிகள் என்பதால் இல்லை. கேட்கிறவருக்குப் பின்னால் யாருடைய அலுப்பு, யாருடைய பிளைட் நிற்கிறது என்று கண்டுபிடிக்க நம் வீடுகளில் ஆள் இல்லை. என்னையே எடுத்துக்கொள். கேட்கத் தெரிந்தவள், கேட்பதையே தொழிலாகச் செய்தவள். நானே பெட்டியைத் திறந்த பிறகுதான் கேட்டேன். வேறு வீட்டில் கேட்காமலே முடிந்திருக்கும். ஆனால் வலிக்கு மருந்து கிடைக்காமல், கூட ஆள் இல்லாமல், கத்திக் கத்திச் சாகிற ஒருவர் முன்னால் போய் நின்று ஊசி பாவம் என்று பேச எனக்கு வாய் வராது. முதலில் அவருக்கு மருந்து போகட்டும், பார்க்கிறவளுக்கு உறக்கம் கிடைக்கட்டும். அதற்கப்புறமும் அவர் போதும் என்றால், அங்கே பதில் தெரியாதவர்களில் நானும் ஒருத்தி.

மூச்சுவிட வைக்கிற மெஷின் வேறு காரியம். அதில்தான் உனக்கு நான் செய்த துரோகம் இருக்கிறது, பொறுமையாகப் படி.

சாவதற்கு ரெண்டு மாதம் முன்னால், டாக்டரும் ஸ்டெல்லா சிஸ்டரும் இருக்கும்போது, அப்பா முக்கால் மணி நேரம் எடுத்து ஒரு காரியம் எழுதினார். மூச்சு நின்றுபோகும் நிலை வந்தால் தொண்டையில் குழாய் போட வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாம், மெஷினில் வைக்க வேண்டாம், வீட்டிலேயே இருக்க வேண்டும். டாக்டர் அதைத் தாளில் எழுதி வாசித்துக் காட்டினார். அப்பா ஒவ்வொரு வரிக்கும் கண்ணை மூடித் திறந்தார். எல்லாம் முடிந்து அவர்கள் போன பிறகு என்னிடம் எழுதினார்: 'மகனிடம் சொல்.' நான் சொல்லவில்லை. நீ அறிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய், அப்பாவிடம் சண்டை பிடிப்பாய், ஷீபாவுக்கு அப்போது குழந்தை பிறந்து மூன்று மாதம். பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று நாளைத் தள்ளினேன். அவர் ரெண்டு தடவை கேட்டார், 'சொன்னியா' என்று. சொன்னேன் என்றேன். அவரிடம் நான் சொன்ன கடைசிப் பொய் அது.

அந்தக் காலையில் காய்ச்சலும் சளியும் ஏறி மூச்சு மாறியது. ஸ்டெல்லா சிஸ்டரைக் கூப்பிட்டேன். சொன்னபடி முக்கால் மணி நேரத்தில் வந்தாள். உன்னையும் கூப்பிட்டேன். நீ அங்கே ஏர்போர்ட்டுக்கு டாக்ஸியில் ஓடிக்கொண்டே போனில் கத்தினாய். "108-ஐக் கூப்பிடுங்கம்மா! வென்டிலேட்டர் போடச் சொல்லுங்க! நான் வாறதுவரைக்கும் வையுங்க!" அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது, அப்பா வேண்டாம் என்று எழுதித் தந்திருக்கிறார் என்பதுதான். அதைச் சொன்னால், ஏன் என்னிடம் முன்னால் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அதற்குப் பயந்து, "டாக்டர் பிரயோஜனம் இல்லன்னு சொல்லிட்டாரு மக்களே" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. போட்டிருந்தால் நீ வரும்வரை மூச்சு ஓடியிருக்கலாம். மெஷினோடு கட்டிப்போட்ட உடம்பை நீ பார்த்திருப்பாய், அதைப் பிறகு எடுக்கச் சொல்கிற முடிவு உன் தலையில் விழுந்திருக்கும். அதை அவர் உனக்கு வைக்க விரும்பவில்லை. மார்ஃபின் சொட்டு விட்டோம். ஸ்டெல்லா சிஸ்டர் சொன்ன வாக்குப்படி, அவருக்கு மூச்சு முட்டவில்லை. உறங்கினார். பத்தரை மணிக்கு, ரெண்டு மூச்சுக்கு நடுவே இடைவெளி நீண்டு நீண்டு போய், பிறகு அடுத்தது வரவில்லை. உன் பெயரைச் சொல்லி, அவன் கிளம்பிவிட்டான் என்று காதில் சொன்னேன். கேட்டிருப்பார்.

மறுநாள் நீ வந்து, சவப்பெட்டியருகே நின்று, என்னைப் பார்க்காமலே, "விட்டுட்டீங்களேம்மா" என்றாய். ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது. விட்டேன், மக்களே. அவர் கேட்டபடி விட்டேன். கொல்லவில்லை, கைவிடவும் இல்லை. உடம்பு தானாகப் போகிற வழியில் குறுக்கே நிற்காமல் ஒதுங்கி நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு நாளும் உறுத்தல் இல்லை. உன்னிடம் சொல்லாததில்தான் உறுத்தல். டாக்டர் எழுதிய அந்தத் தாளைப் படம் எடுத்து இதோடு அனுப்புகிறேன். அது உனக்குச் சேர வேண்டியது. கோபம் வந்தால் என்னிடம் கோபப்படு, அதற்கு எனக்குத் தெம்பு உண்டு.

இனி என் காரியம். பயப்படாதே, எனக்கு நோய் ஒன்றும் இல்லை. சுகரும் முட்டுவலியும்தான். நோய் இல்லாதபோதே இதை எழுதி வைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். குணமாகாத நோயில் மெஷின் வேண்டாம், குழாய் வேண்டாம் என்று இப்போதே எழுதி, ரெண்டு சாட்சி வைத்து, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் நம் நாட்டில் அது செல்லும். தக்கலையில் ஒரு வக்கீல் தயார் பண்ணிக் கொடுத்திருக்கிறார். வருகிற திங்கட்கிழமை போகிறேன். ஸ்டெல்லா சிஸ்டரும் செல்லத்துரை அண்ணனும் சாட்சி. வலிக்கும் மூச்சுக்கும் மருந்து வேண்டும் என்பதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னேன். எனக்கு வேதனைப்பட ஆசை இல்லை.

தாளில் எழுத முடியாதவற்றை உன்னிடம் சொல்கிறேன். என் நோயை என்னிடம் மறைக்காதே. வேலையை விட்டு வந்து உட்கார வேண்டாம், ஆள் வை, முடிந்தபோது வா. பார்த்துப் பார்த்து நீயோ ஷீபாவோ அலுத்துப்போனால், பின்வாசலில் நின்று போனில் சொல்லாதீர்கள், என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அலுப்பு குற்றமில்லை. நான் கேட்டுக்கொள்வேன், வேறு ஏற்பாடு செய்வோம். என்றைக்காவது நானே ஊசி கேட்டால் அதிர்ச்சியாகிக் காலண்டரை எறியாதே. பக்கத்தில் உட்கார்ந்து, எதனால் கேட்கிறேன் என்று தோண்டிப் பார். சரி பண்ண முடிந்ததைச் சரி பண்ணு. அப்புறமும் கேட்டால், முடியாது என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. அதற்காக நான் உன்னைக் குறையாக நினைக்க மாட்டேன்.

அந்தத் தாளில், எனக்கு நினைவு தப்பினால் எனக்காகப் பேச ஒருவர் பெயர் எழுத வேண்டும். டாக்டர்கள் அவரைத்தான் கேட்பார்கள். அவர் நான் எழுதியதைச் சொல்ல வேண்டும், தன் மனசு சொல்வதை அல்ல. எல்லாரும் போடு, போடு என்று கத்தும்போது நின்று வேண்டாம் என்று சொல்ல வேண்டும். லேசான வேலை இல்லை என்று எனக்குத் தெரியும், நான் செய்திருக்கிறேன். சித்தி வேண்டாம், அவள் பயந்துவிடுவாள். ஷீபாவைக் கேட்கலாம், அவள் தைரியசாலி. ஆனால் நான் உன்னைத்தான் முதலில் கேட்கிறேன். உன்னால் முடியாது என்றால் ஒரு வார்த்தை எழுது, அழிக்காமல் விடு. முடியும் என்றால், ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் முழுப் பெயரையும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி, இனிஷியலோடு, எழுத்துப் பிழை இல்லாமல் அனுப்பு.

அம்மா